பதினெட்டுக்கு முன்னால் மருந்து அறை வேண்டாம்: ஊர்விட்டு வந்த பிள்ளைக்கு வேலையும் சான்றிதழும்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் என்று எங்கிருந்தோ ஒரு குடும்பம் பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறது. அப்பா அச்சகத்திலோ கட்டட வேலையிலோ சேர்கிறார். கூடவே பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பையனோ பெண்ணோ இருக்கும். தமிழ் தெரியாது. ஊரில் எட்டாவது வரை படித்திருக்கும். சான்றிதழ் கையில் இருக்காது. பத்து நாள் வீட்டில் சும்மா இருக்கும். பதினோராவது நாள் யாராவது ஒருவர் வந்து, "பையனை ஏன் சும்மா வச்சிருக்கீங்க, நம்ம ஆலைக்கு அனுப்பிருங்க. வயசு பதினெட்டுன்னு போட்டுக்கலாம்" என்பார்.

இந்தக் கட்டுரை அந்தப் பதினோராவது நாளுக்காக. நீங்கள் அந்தக் குடும்பத்துக்கு வீடு வாடகைக்கு விட்டவராக இருக்கலாம், மகளிர் குழுவில் இருக்கலாம், பள்ளி ஆசிரியராகவோ ஆலைப் போர்மேனாகவோ இருக்கலாம். மொழி தெரியாத ஊரில் அந்தக் குடும்பத்துக்கு அரசு அலுவலகத்தை விட முதலில் தெரிவது உங்கள் முகம்தான். அதனால் நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

வயசைக் கூட்டிப் போட்டால் என்ன?

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. 14 வயது நிரம்பாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்கள் 'வளரிளம் பருவத்தினர்'. இவர்களை ஆபத்தான தொழில்களில் சேர்க்கக்கூடாது. அந்த ஆபத்தான தொழில்களின் பட்டியலில் வெடிபொருளும் எளிதில் தீப்பற்றும் பொருளும் முன்வரிசையிலேயே இருக்கின்றன. பட்டாசு செய்வது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இருப்பு வைப்பதும் விற்பதும்கூட அதில் அடக்கம். தீபாவளி சீசனில் பட்டாசுக் கடையில் "சும்மா பொட்டலம் கட்டத்தான்" என்று நிறுத்தப்படும் பதினாறு வயதுப் பையனுக்கும் இது பொருந்தும். ஏற்றி இறக்கும் வேலைக்கும் பொருந்தும். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை வெடிபொருள் இருக்கும் இடத்தில் வேலைக்கு வைப்பதைத் தடுக்கின்றன.

மீறினால் அமர்த்தியவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் கட்டாயம் சிறைதான், 1 முதல் 3 ஆண்டு வரை.

இந்தச் சட்டத்தின் பின்னால் நம் ஊர்க் கதையே இருக்கிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. ஆபத்தான வேலையில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும், அந்தக் குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்கச் செய்ய வேண்டும், இல்லையென்றால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. நாடு முழுவதற்கும் பொருந்திய அந்தத் தீர்ப்பு பிறந்தது இங்கிருந்துதான். அதன்பின் உள்ளூர்க் குழந்தைகள் பெருமளவு பள்ளிக்குத் திரும்பினார்கள். இன்றைக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்லி வெளியூர்ப் பிள்ளையை அதே இடத்தில் நிறுத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

ஆபத்து என்பது காகிதத்தில் எழுதிய வார்த்தை அல்ல என்பதை இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். மருந்து அறையில் போர்மேன் போடும் சத்தம் "வெளியே ஓடு" என்பதா, "அதைத் தொடாதே" என்பதா என்று புரியாத ஒரு பிள்ளை அங்கே நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறந்த தேதி ஒரு சொத்து

விபத்தைச் சொன்னால், "அதெல்லாம் நடக்காது, மருந்துப் பக்கமே விடமாட்டோம்" என்பார்கள். அதனால் அந்தக் குடும்பத்திடம் இன்னொரு இழப்பையும் விளக்குங்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

வயதைக் கூட்ட வேண்டுமென்றால் ஆதாரில் கைவைக்கச் சொல்வார்கள். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும். 2009-ல் பிறந்த பையனை 2007 என்று மாற்றிவிட்டால் அந்த ஒரு வாய்ப்பு முடிந்தது. நாளைக்கு அவன் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறான், ஐ.டி.ஐ. சேரப் போகிறான், ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகிறான். ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் இன்னொரு தேதி. ஒவ்வொரு அலுவலகத்திலும் "ரெண்டும் ஒத்துப்போகலையே, சரி பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். நாலு மாதச் சம்பளத்துக்காக வாழ்நாள் முழுக்க அலைச்சல்.

உண்மையான வயதை எது நிரூபிக்கிறது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஆதார் என்பது அடையாளத்துக்கான ஆவணம். பிறந்த தேதிக்கான ஆதாரமாக அதைக் கொள்ள முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சிறார் நீதிச் சட்டப்படி முதலில் பார்ப்பது பள்ளியில் கொடுத்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்; அது இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. போர்மேன் அண்ணாச்சிகளே, "ஆதார் காட்டுனான், நான் சேர்த்தேன்" என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

எனவே முதல் வேலையாக ஊரில் படித்த பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழை வரவழையுங்கள். ஊரில் இருக்கும் தாத்தாவோ சித்தப்பாவோ பள்ளிக்குப் போய் வாங்கித் தபாலில் அனுப்பலாம். இங்கே சேர்க்கும் தலைமையாசிரியர் அந்தப் பள்ளிக்குக் கடிதம் எழுதியும் கேட்கலாம். ஆதாரில் திருத்தம் உண்மையிலேயே தேவைப்பட்டால், அந்தச் சான்று கைக்கு வந்த பிறகு ஒரே தடவையில் சரியாகச் செய்துகொள்ளுங்கள்.

அப்போ எந்த வேலைக்குத்தான் போறது?

குடும்பத்துக்குப் பணம் தேவை. "படி, படி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளையின் அம்மா உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார். அதனால் சட்டம் அனுமதிக்கும் வேலை எது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

14 முடிந்து 18 ஆகாதவர்கள் ஆபத்தில்லாத இடங்களில் வேலை செய்யலாம். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, பேக்கரி விற்பனைப் பகுதி, செல்போன் கடை, தையற்கடை என்று பல இடங்கள் இருக்கின்றன. நேரத்துக்கு வரம்பு உண்டு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது; அதன்பின் 1 மணி நேரம் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அதாவது உண்மையில் உழைப்பது 5 மணி நேரம். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது. ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை பார்க்கக்கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை. கடைக்காரர் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எல்லாம் எழுதிய பதிவேடு வைத்திருக்க வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு 30 நாளுக்குள் தகவலும் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மாலை 5 முதல் 7 வரைதான் நேரம் கிடைக்கும். திறந்தநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வார நாட்களில் 5 மணி நேரம் கிடைக்கும். எந்த வழியில் படிப்பது என்பதைத் தீர்மானிக்கும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

சிவகாசியில் அடுத்த கேள்வி உடனே வரும்: "அச்சகத்துல சேர்க்கலாம்ல?" ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் மார்கழி வரை ஊரே ஓடிக்கொண்டிருக்கும், கை கூடுதலாக எத்தனை இருந்தாலும் போதாது. ஆனாலும் யோசித்துச் சேருங்கள். காகிதமும் காகிதப் பொருள்களும் தயாரிக்கும் தொழில் ஆபத்தான செயல்முறைகள் பட்டியலில் இருக்கிறது. நோட்டு, அட்டைப்பெட்டி போடும் ஆலைக்கு அனுப்பும் முன் இதை மறக்கக்கூடாது. தொழிற்சாலையாகப் பதிவான இடம் எதுவானாலும் 18 ஆகாதவருக்கு மருத்துவர் தரும் தகுதிச் சான்று வேண்டும். கட்டிங் மெஷின் பக்கம் நிறுத்துவதும், உருளை கழுவும் திரவத்தைக் கையாளச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் விருதுநகரில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வீட்டிலேயே வைத்துச் செய்யும் வேலை இதை விட மோசம். குழாய் உருட்டுவதில் தொடங்கும், பிறகு திரி வரும், ஒரு நாள் மருந்தும் வீட்டுக்குள் வந்துவிடும். குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆபத்தான தொழிலுக்கு அந்த விலக்கு கிடையாது. வாடகைக்கு விட்டிருப்பவர் இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தால், இடிவது அவருடைய சுவரும்தான்.

படிப்புக்கு எத்தனை வாசல்?

பிள்ளைக்கு 14 வயதோ அதற்குக் கீழோ என்றால் யோசனையே வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அருகில் உள்ள அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அப்படிச் சேர்ந்த பிள்ளை 14 வயதைத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசமாகப் படிக்கலாம். பாடநூலும் மதிய உணவும் பஸ் பாஸும் வெளியூர்ப் பிள்ளைக்கும் உண்டு.

15, 16 வயது என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எட்டாவது முடித்த சான்று இருந்தால் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கலாம். ஆங்கில வழிப் பிரிவு இருக்கும் பள்ளியாகத் தேடுங்கள். ஆனால் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் ஒரு பிள்ளை புதிய எழுத்தைக் கற்றுப் பொதுத்தேர்வு எழுதுவது முடியாத காரியம் அல்ல, எளிதும் அல்ல. வெளிமாநிலத்திலிருந்து இடையில் வந்தவருக்கு மொழிப்பாட விலக்கு கேட்க முடியுமா என்பதைத் தலைமையாசிரியர் மூலம் மாவட்டக் கல்வி அலுவலரிடம் சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு கேட்டு ஓடுவதில் பயனில்லை.

பள்ளியில் பெஞ்சில் உட்காரும் நிலை இல்லையா? தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாவது சான்று தொலைந்திருந்தாலும், 'இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன்' என்று தானே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை ஏற்கிறார்கள். இந்தி, வங்காளம், ஒடியா, தமிழ் என்று பல மொழிகளில் எழுதலாம். ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். 33 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். 9 வாய்ப்புகள் உண்டு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தீபாவளிக்கு முன் கடையில் வேலை அதிகமா, அந்த அக்டோபரில் ஒரு பாடம் மட்டும் எழுதலாம். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இதுதான் ஏற்றது என்பது என் எண்ணம். 16 முதல் 19 வயது வரை பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் திறந்தநிலைக் கல்வியில் முடிப்பதற்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலும் உதவி உண்டு; வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

மாநில அரசின் தனித்தேர்வு இன்னொரு வழி. பன்னிரண்டரை வயது முடிந்தவர் எட்டாம் வகுப்பையும், பதினான்கரை வயது முடிந்தவர் பத்தாம் வகுப்பையும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையம் வழியாக விண்ணப்பித்து நேரடியாக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள். இங்கும் தமிழ்த் தாள் இருப்பதால், தமிழ் தெரிந்த பிள்ளைக்கே இது பொருந்தும்.

கைத்தொழிலில் ஆர்வம் உள்ள பிள்ளையா, அப்படியானால் ஐ.டி.ஐ. பக்கம் பாருங்கள். 14 வயது முடிந்திருந்தால் போதும். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதுமானது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்குப் பத்தாவது வேண்டும். விருதுநகரிலும் அருப்புக்கோட்டையிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கட்டணமில்லாப் பயிற்சியோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் சீருடையும் தருகிறார்கள். பெரும்பாலானோருக்குத் தெரியாத ஒரு விஷயமும் உண்டு. எட்டாவது படித்து ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டுப் பிரிவை முடித்தவர், மொழிப்பாடத் தாள்களை மட்டும் தனித்தேர்வராக எழுதி, பத்தாம் வகுப்புக்கு இணைச் சான்றிதழ் பெறலாம். தொழிலும் ஆயிற்று, பத்தாவதும் ஆயிற்று. தொழிற்பழகுநர் பயிற்சிக்கும் குறைந்தபட்ச வயது 14தான். ஆபத்தான தொழில் பிரிவுகளுக்கு மட்டும் 18.

சாதிச் சான்று பற்றி ஒரு வார்த்தை. பீகாரிலோ ஒடிசாவிலோ வாங்கிய சான்றிதழை வைத்து இங்கே மாநில இடஒதுக்கீடு கேட்க முடியாது. அதை நம்பிக் காத்திருந்து ஏமாறாமல், பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஊர்ச் சான்றைத் தூக்கி எறியவும் வேண்டாம். மத்திய அரசு சார்ந்த விண்ணப்பங்களுக்கு அது தேவைப்படலாம்.

இலங்கையிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழித் தடை இல்லை. நம் மாவட்டத்தில் குல்லூர்சந்தை போன்ற இடங்களில் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அவர்கள் முகாமுக்குப் பொறுப்பான வருவாய் அலுவலர் வழியாகப் பள்ளிச் சேர்க்கையைக் கேட்கலாம். மற்றபடி மேலே சொன்ன வயது வரம்பு அவர்களுக்கும் இதேதான்.

வீட்டுக்குள் கொஞ்சம் மூச்சு விட

பிள்ளையை வேலைக்கு அனுப்புவது பெரும்பாலும் அரிசிக்கும் வாடகைக்கும்தான். ஊரில் வாங்கிய ரேஷன் அட்டை தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தால், இங்கேயே ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அட்டை ஊரிலேயே இருந்தாலும் பரவாயில்லை, எண்ணும் ஆதார் இணைப்பும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஊரில் மீதி உறுப்பினர்கள் அவர்கள் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் தொழிலாளர் துறையின் புலம்பெயர் தொழிலாளர் இணையப் பதிவில் பெயர் சேர்ப்பதும் நல்லது. இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள்.

தமிழ் கற்பதை அந்தப் பிள்ளையிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். பேச்சு தானாக வந்துவிடும், மூன்று மாதம் கடையில் நின்றால் போதும். எழுத்துதான் வராது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் அடிப்படைப் பாடங்கள் இருக்கின்றன, செல்போனிலேயே படிக்கலாம். உங்கள் வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பழைய தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தாலும் நடக்கும். வேற்றூர் போய்த் தொழில் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மொழி தெரியாத கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்துதானே இந்த ஊர் இப்படி ஆனது!

ஏற்கெனவே ஆலைக்குள் போய்விட்டால்

1098-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பம் இல்லை என்றால் அதையும் சொல்லலாம். தொழிலாளர் துறைக்குப் 'பென்சில்' இணையதளம் வழியாகவும் புகார் அனுப்பலாம். ஆலையின் பெயர், ஊர், எந்த நேரத்தில் வேனில் ஏற்றிப் போகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். மீட்கப்பட்ட பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவார்கள். முதலாளி கட்டும் அபராதம் அந்தப் பிள்ளை பெயரில் மறுவாழ்வு நிதியில் சேரும். அரசும் தன் பங்காக 15,000 ரூபாய் சேர்க்கும். பிள்ளை வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளத்தையும் கேட்டு வாங்க வேண்டும். மீட்பு நாளின் பரபரப்பில் அதை மறந்துவிடுகிறார்கள். "புகார் கொடுத்தா எங்களை ஊரை விட்டு அனுப்பிருவாங்களா?" என்று அந்த அம்மா பயந்து கேட்பார். அனுப்பமாட்டார்கள். இந்தியக் குடிமகன் எந்த மாநிலத்திலும் குடியிருக்கலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பள்ளிச் சேர்க்கை பற்றிய சந்தேகத்துக்கு 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. கூப்பிடும் முன் பிள்ளையின் வயது, கடைசியாகப் படித்த வகுப்பு, படித்த மொழி, கையில் இருக்கும் காகிதங்கள் என்ற நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டையும் சான்றிதழ் நகல்களையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிள்ளையிடமே கொடுங்கள். அசல் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும். ஏஜெண்ட் கேட்டாலும் முதலாளி கேட்டாலும் அசலைக் கொடுக்கக்கூடாது.